மார்த்தாவுக்கு அம்மா கிடையாது

ஆஸ்பத்திரியில் கொடுக்கிற கவுன் முன்னாலிருந்து பார்த்தால் பாதிரியார் அங்கி மாதிரி மரியாதையாக இருக்கும். பின்னால் இரண்டு நாடா. அதில் ஒன்று அறுந்திருக்கும். நான் தாராவியில் அப்பளம், வற்றல், புளி விற்கிற கடைக்காரன். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தே தலை நரைத்தவன் என்பதால் ஊருக்கு என்னை இடுப்புக்கு மேலேதான் தெரியும். அந்தக் கவுனோடு வராந்தாவில் நடந்துபோன அன்று மிச்சமும் ஆஸ்பத்திரி இருக்கிற செம்பூருக்குத் தெரிந்துவிட்டது. வெட்கம் என்றால் இதுதான் போல என்று நினைத்துக்கொண்டேன். அது சில்லறை வெட்கம். மொத்த வியாபாரம் பின்னால் வந்தது.

மே மாதக் கடைசியில் வலது தோள் வலித்தது. மூட்டை தூக்கியதால் என்றேன். பிறகு சாயங்காலமானால் குளிரும் காய்ச்சலும். மழைக்கு முந்தின பம்பாய்ப் புழுக்கத்தில் ஊரே விசிறிக்கொண்டிருக்க, நான் கம்பளிக்குள் பல் தந்தியடிக்கக் கிடந்தேன். பிறகு வலது விலாவுக்குக் கீழே, உள்ளே உட்கார்ந்து யாரோ கட்டைவிரலால் அழுத்துவது போல ஒரு வலி. கேஸ் என்று முடிவு செய்து சோடா குடித்தேன். கேஸ் இல்லை என்று தெரிந்த பிறகும் சோடா குடித்தேன். என் மனைவி சண்முகத்தாய், "சோடாக்காரன் ஒங்களுக்குச் சிலை வைப்பான், எந்திரிங்க" என்று டாக்ஸியில் ஏற்றினாள்.

சோனோகிராஃபி என்பது ஒன்றும் பயப்படுகிற விஷயமில்லை. வயிற்றில் ஜில்லென்று ஒரு பசையைத் தடவி, சோப்புக்கட்டி மாதிரி ஒரு கருவியை உருட்டுவார்கள். உள்ளே இருப்பது டிவியில் தெரியும். உருட்டிய பையன், "அங்கிள், லிவர் மே பஸ் ஹை" என்றான். எந்த ரூட் என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. பஸ் என்றால் சீழ் என்று பிறகு தெரிந்தது.

ஈரலில் சீழ்க்கட்டி. அமீபா என்கிற கிருமி கெட்ட தண்ணீர் வழியாகக் குடலுக்குள் போகிறது. அங்கிருந்து ரத்தத்தில் ஏறி ஈரலில் குடித்தனம் வைக்கிறது. இருக்கிற இடத்தை அழுக வைத்துச் சீழாக்குகிறது. தோள் எதற்கு வலித்தது என்றால், ஈரலுக்கு மேலே விரித்த பாய் மாதிரி ஒரு தசை இருக்கிறதாம். அதற்கும் தோளுக்கும் ஒரே நரம்பு வழி. ஈரல் போடுகிற கூச்சல் தோளில் கேட்கும். படிக்கிறவர்கள் இதை ஒன்றையாவது ஞாபகம் வையுங்கள். காய்ச்சலோடு வலது தோள் வலித்தால் சோடா குடிக்காதீர்கள்.

ரவுண்ட்ஸ் வருகிற டாக்டரம்மா சின்ன வயது, மராட்டிக்காரர். முதல் கேள்வியே, "அங்கிள், தாரு பீத்தே ஹோ?" குடிப்பீர்களா என்று. ஒரு பக்கம் மனைவி, ஒரு பக்கம் மகள். "கபி கபி" என்றேன், எப்போதாவது என்று. "கபி கபின்னா தீபாவளிக்குத் தீபாவளியா?" என்று சண்முகத்தாய் தமிழில் கேட்டாள். டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தத் தொனிக்கு மொழி வேண்டியதில்லை. எழுதிக்கொண்டார்.

அன்றே விலா எலும்புகளுக்கு நடுவில் மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு மெல்லிய குழாயைச் செருகினார்கள். அதற்குப் பெயர் பிக்டெயில், அதாவது பன்றிவால். நழுவி வந்துவிடாமல் இருக்க அதன் முனை உள்ளே போனதும் சுருண்டுகொள்கிறது. வெளிமுனையில் ஒரு பை. அதில் சாக்லேட் நிறத்தில் இறங்கியதைப் பார்த்தவர்கள் அப்புறம் சாக்லேட் தின்னமாட்டார்கள். கூடவே ஒரு மருந்து. அது ஏறினால் நாள் முழுக்க வாய்க்குள் பழைய நாணயத்தை அடக்கிக்கொண்டது போல ஒரு ருசி. இவ்வளவு போதும். ஈரல் பிழைத்துவிட்டது. நான் சொல்ல வந்தது வேறு.

பகலில் எனக்குத் துணை என் மகள் பேச்சியம்மாள். அவள் அம்மா கடையைப் பார்க்க வேண்டும். ராத்திரிக்கு அம்பர்நாத்திலிருந்து மச்சினன் வந்து கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொள்வான். பேச்சி பன்னிரண்டாவது முடித்து, டாக்டர் படிப்புக்கான நீட் பரீட்சையும் எழுதி முடித்து, ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். வார்டில் ஆயா வந்தாலும் நர்ஸ் வந்தாலும் நான் விடுவதில்லை. "மேரி பேட்டி. அடுத்த வருஷம் ஒங்கள மாதிரி கோட்டு மாட்டிருவா" என்பேன். டாக்டரம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்.

பக்கத்துக் கட்டிலில் மாட்டுங்காக்காரர், ராஜகோபாலன் சார். இன்சூரன்ஸ் ஆபீசில் ரிட்டயர் ஆனவர், பித்தப்பையை எடுத்துத் தையல் போட்டிருந்தது. அவரிடம், "சார், எங்க குலசாமி பேரு. பேரு பேச்சி. ஆனா வாயத் தொறந்து பாத்தவங்களுக்குப் பரிசு உண்டு" என்றேன். அவர் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எதிர்க் கட்டில்களும் சிரித்தன. பேச்சியும் சிரித்தாள்.

கடையை நான் ஃபோனிலேயே நடத்திக்கொண்டிருந்ததால் முதல் நாளே ஃபோனைப் பிடுங்கிவிட்டார்கள். அவள் அம்மாவிடம் பேச மட்டும் தருவார்கள். பொழுது போகவில்லை. மச்சினன் வைத்துவிட்டுப் போன ஒரு தமிழ் வாரப் பத்திரிகையைப் பேச்சியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவள் படித்ததெல்லாம் இங்கிலீஷும் இந்தியும். தமிழ் பேசுவாள், எழுத்து ஓடாது. "ம... ரு... த்... து..." என்று எழுத்துக்கூட்டினாள்.

"ஏட்டி, நீ அந்த மருத்துவமனைய முடிக்கதுக்குள்ள நான் குணமாகி வீட்டுக்கே போயிருவேன்."

வார்டு சிரித்தது. அவள் பத்திரிகையை மூடிவிட்டுத் தன் பையிலிருந்த இங்கிலீஷ் புஸ்தகத்தை எடுத்தாள். அட்டையில் கடல், ஒரு பெண்ணின் முதுகு.

"அதையாவது சொல்லேன்."

"ஒங்களுக்குப் பிடிக்காதுப்பா. டீன்ஏஜ் ஸ்டோரி."

"நானும் ஒரு காலத்துல டீன்ஏஜ்தான்."

ஒவ்வொரு வாக்கியமாக மனதுக்குள் படித்து, கொஞ்சம் நிறுத்தி, தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். "குளிர் தேசம்ப்பா. கடலோரம் ஒரு சின்ன ஊரு. மார்த்தான்னு ஒரு பொண்ணு, பதினஞ்சு வயசு. அம்மா கிடையாது, சின்னதுலயே செத்துட்டா. அப்பா படகு ஓட்டுறாரு. ஜாஸ்தி பேச மாட்டாரு. கதை ஃபுல்லா மார்த்தாவே சொல்றா." மார்த்தா என்ற பெயரே எனக்குப் பிடித்துவிட்டது. எங்கள் ஊர் நாசரேத் பக்கம் வீட்டுக்கு வீடு மார்த்தா உண்டு. கேட்டுக்கொண்டே இருந்தவன் காய்ச்சல் ஏறித் தூங்கிப்போனேன்.

விழித்தபோது கண் திறக்க முடியவில்லை. பேச்சியின் குரல் மட்டும் கேட்டது.

"அவன் என் கையைப் பிடிச்சான். நான் விடச் சொல்லல. நாளைக்குப் படகுல போயிரலாம்னான். அப்பாகிட்ட இன்னும் சொல்லல."

காய்ச்சல்காரன் காதில் மேற்கோள் குறி விழாது. என் மகள் என் தலைமாட்டில் உட்கார்ந்து வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருந்தாள். பம்பாயில் ஜோடியாகப் படகு ஏறினால் அக்கரையில் இருக்கிற அலிபாக்குக்குத்தான் என்பது உலகத்துக்கே தெரியும்.

"எவன்ட்டி அவன்?" என்று குழாயும் பையுமாக எழுந்து உட்கார்ந்தேன். நர்ஸ் ஓடிவந்து தோளைப் பிடித்து அழுத்தினார். நான் ஃபோனைக் கேட்டு அடம்பிடித்து வாங்கிவிட்டேன்.

"தாயி, ஒம்மக அலிபாக் போறா!"

"அவ ஒங்க பக்கத்துலதான இருக்கா?"

"பக்கத்துலதான் இருக்கா. ஆனா போறா!"

"ஓய், அது புஸ்தகம் ஓய்!" என்று ராஜகோபாலன் சார் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பேச்சி சிவந்துபோய் அட்டையை எனக்குக் காட்டிக்கொண்டு நின்றாள். கையைப் பிடித்தவன் மார்த்தாவின் பக்கத்துவீட்டுப் பையன். அடுத்த நாள் ஆயாகூட என்னைப் பார்த்து, "அலிபாக்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சிரிக்க வைக்கிறவனைப் பார்த்து ஊர் சிரித்தால் அவனுக்குத் தாங்காது. அன்றைக்கு ஒன்று முடிவு செய்தேன். இனிமேல் பேச்சி புஸ்தகத்தைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாலும் அது மார்த்தா. இரண்டாவது தடவை நான் ஏமாறப் போவதில்லை.

காய்ச்சல் இறங்க இறங்க மார்த்தா எனக்குள் இறங்கினாள். மத்தியானக் கஞ்சியைக் குடித்த கையோடு, "எங்க விட்டோம்?" என்பேன். ராஜகோபாலன் சாரும் காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டு இந்தப் பக்கம் திரும்பிவிடுவார். இங்கிலீஷ் புஸ்தகத்தை அவரே படிக்கலாம். ஆனால், "கொழந்தை சொல்றச்சே நன்னா இருக்கு" என்பார்.

ஓர் இடம் வந்தது. மார்த்தா செத்துப்போன அம்மாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். கை நீளம். பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். வீட்டுக்கு வந்து கத்தரிக்கோலால் இரண்டு கையையும் அளவாக வெட்டிவிடுகிறாள். வெட்டிய பிறகு கீழே கிடக்கிற துண்டுகளைப் பார்க்க அவளால் முடியவில்லை. உட்கார்ந்து இரண்டையும் மறுபடி தைத்து ஒட்டுகிறாள், கோணலும் மாணலுமாக. அப்பா வருகிறார். மழையில் நனைந்திருந்த கோட்டை எடுத்து அடுப்புப் பக்கம் மாட்டுகிறார். தையலைப் பார்க்கிறார். ஒன்றும் கேட்காமல் அந்தத் தையல் காய்கிற மாதிரி கையைத் திருப்பி விடுகிறார். அவ்வளவுதான் அந்த அத்தியாயம்.

நான் அழுதேன். மீசை நரைத்த, அப்பளம் விற்கிற மனிதன், விலாவில் பன்றிவாலோடு, ஒரு காகிதப் பெண்ணுக்காக மூக்கு ஒழுக அழுதேன். மருந்து கண்ணை எரிக்கிறது என்றேன். அந்த மருந்து கண்ணை எரிக்காது என்று டாக்டராகப் போகிறவளுக்குத் தெரியாதா? பேச்சி புஸ்தகத்துக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏன் அழுதேன் என்று பிறகு நிறைய யோசித்தேன். பதினைந்து வயதில் நான் மாமா கடையில் புளி மூட்டைக்கும் வற்றல் மூட்டைக்கும் நடுவில் இருந்தேன். என்ன நினைக்கிறாய் என்று யாரும் கேட்டதில்லை. சிரிக்க வைத்தால் அடி விழாது என்று மட்டும் சீக்கிரமே கண்டுபிடித்துக்கொண்டேன். அதனால் மார்த்தாவின் வயது எனக்கு வராமலே போய்விட்டது, அதற்காக அழுதேன் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது என்னைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டுகிற காரணம். உண்மைக் காரணம் இன்னும் சாதாரணம். மார்த்தா பேசும்போது நான் குறுக்கே பேச முடியாது. பேசினாலும் அவளுக்குக் கேட்காது. என் வாழ்க்கையில் ஒரு பெண்பிள்ளை தன் மனதில் இருப்பதைச் சொல்லி முடிக்கும்வரை நான் வாயை மூடிக்கொண்டு கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்டால் யாருக்கும் அழுகை வரும்.

இனி வருவதை எழுதலாமா என்று பேச்சியிடமே கேட்டேன். "எழுதுங்க. ஆனா ஒங்கள நல்லவராக் காட்டாம எழுதுங்க" என்றாள். அதில் ஒன்றும் சிரமமில்லை.

அழுததற்கு மறுநாள் சாயங்காலம். பார்க்க வந்தவர்கள் கிளம்புகிற நேரம். பேச்சி புஸ்தகத்தைத் திறந்தாள். வழக்கமாக ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு அடுத்ததைப் படிக்க நிறுத்துவாள். அன்று நிறுத்தவே இல்லை. கண் ஒரே இடத்தில் இருந்தது. மொழிபெயர்ப்பு கைக்கு வந்துவிட்டது போல என்று நான் பெருமைப்பட்டேன்.

"பரீட்சை ஹால் கேட்டு வரைக்கும் போனேன். உள்ள போகல. எதிர்த்த பக்கம் ஒரு மரம், அதுக்குக் கீழ நின்னேன். வாட்ச்மேன் கேட்டை மூடினாரு. அதுக்கப்புறம்தான் மூச்சு விட முடிஞ்சுது. அம்மாகிட்ட மட்டும் சொன்னேன். இப்போ அப்பாகிட்ட சொல்லாதன்னு அம்மா சொன்னாங்க. திட்டுவாருன்னு இல்ல. ஜோக் ஆக்கிருவாரு. அப்புறம் தெருவுல எல்லாருக்கும் அது ஜோக்காவே இருக்கும்னு."

நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள்.

வார்டும் என்னைப் பார்த்தது. எனக்கு அது போதும்.

"ஏட்டி, கேட்டுல நிக்க அம்புட்டு ஆசைன்னா மார்த்தாவ வாட்ச்மேன் வேலைக்கு எழுதிப் போடச் சொல்லு. யூனிஃபார்மும் விசிலும் சும்மாக் கெடைக்கும்!"

"தையல் பிரிஞ்சுடும் ஓய்!" என்றார் ராஜகோபாலன் சார். ஒரு ஜோக்குக்குச் சிரித்தால் இரண்டாவதை இலவசமாகக் கொடுப்பது என் வியாபாரம். மார்த்தா விசில் ஊதி, மற்ற பிள்ளைகளையெல்லாம், "சலோ சலோ, உள்ள போ" என்று விரட்டுகிற மாதிரி நடித்துக் காட்டினேன். எதிர்க் கட்டில்காரர் இருமி இருமிச் சிரித்தார்.

பேச்சி புஸ்தகத்தை மூடினாள். நிறுத்திய பக்கத்தின் ஓரத்தை எப்போதும் மடித்து வைப்பாள். அன்று மடிக்கவில்லை.

"என்ன, முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. வாரேன்ப்பா."

மச்சினன் வந்ததும் அவன் ஃபோனில் சண்முகத்தாயைக் கூப்பிட்டேன். நல்ல ஜோக் ஒன்று கையில் இருந்தால் எனக்கு அதை ஆறவிடத் தெரியாது.

"தாயி, இன்னைக்குக் கதையில ஒரு கூத்து கேளு. அந்த மார்த்தா பரீட்சைக்குப் போறேன்னு போயிட்டு கேட்டுலயே நின்னுட்டு வந்திருக்கா. அப்பனுக்குத் தெரியாது. அம்மாகிட்ட மட்டும் சொல்லியிருக்கா. அம்மாக்காரி என்ன சொல்லியிருக்கான்னா..."

அங்கே நின்றேன். என் வாயிலிருந்து வந்த சொல் என் காதிலேயே விழுந்தது. அம்மாகிட்ட. மார்த்தாவுக்கு ஏது அம்மா? அந்தக் கோட்டுக்காக இரண்டு கண்ணும் ஒழுக அழுதவன் நான். அவளுடைய ஒவ்வொரு தையலும் எனக்குத் தெரியும். மார்த்தாவை எவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தால், இது மார்த்தா இல்லை என்று தெரியும்! முன்னால் உட்கார்ந்து பேசியவள் யார் என்றுதான் அப்போது தெரியாமல் போனது.

மறுமுனையில் கடைச் சத்தம் மட்டும் கேட்டது.

"தாயி... அந்த அம்மா நீதானா?"

"வைக்கேன்" என்றாள். "ஆள் நிக்கி."

பேச்சி பரீட்சை எழுதவில்லை என்பது எனக்கு உறைக்கவே ரொம்ப நேரம் பிடித்தது. முன்னால் வந்து நின்றதெல்லாம் அந்த விசில்தான்.

காலையில் பேச்சி வரவில்லை. சண்முகத்தாய் வந்தாள். கடை பூட்டியிருக்கிறது என்றாள். எங்கள் கல்யாணத்தன்று சாயங்காலம்கூடத் திறந்திருந்த கடை அது. திரைச்சீலையை இழுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"சிரிச்சீங்களோ?"

"ஆமா."

"நல்லாச் சிரிச்சீங்களோ?"

நான் பையில் இறங்குகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முந்தாநாள் வீட்டுக்கு வந்ததும் வராததுமா, 'அம்மா, அப்பா அழுதாரும்மா'ன்னா. யாருக்குட்டி அழுதாருன்னேன். 'மார்த்தாவுக்கு. அவ தப்புப் பண்ணினதுக்குத் திட்டவே இல்லம்மா, ஜோக்கும் அடிக்கல, அழுதாரு'ன்னா. என்னமோ லாட்டரி விழுந்த மாதிரி. 'நாளைக்கு நானும் சொல்லிருவேன், புஸ்தகத்துல இருக்கமாதிரியே சொல்லிருவேன்'னா. நாந்தான் சரின்னேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு நாள்ல ரிசல்ட்டு. இனிம ஒங்ககிட்ட சொல்ல மாட்டாளாம். அன்னைக்கே தெரிஞ்சிக்கிடட்டும், அதுக்கும் ஒரு ஜோக் வச்சிருப்பாருங்கா."

"எனக்கு மார்த்தான்னுதான்..."

"தெரியும். மார்த்தாவா இருந்தாலும் ஒரு பிள்ள மரத்தடியில தனியா நின்னுருக்கு. அதுக்குச் சிரிப்பு எங்கேருந்து வந்துது ஒங்களுக்கு?"

இதற்குப் பதில் இருந்தால் யாராவது எனக்கு எழுதுங்கள். கோட்டின் கையை வெட்டியதற்கு அழுதவன், கேட்டுக்கு வெளியே நின்றதற்கு ஏன் சிரித்தான்? நான் கண்டுபிடித்த வரைக்கும் சொல்கிறேன். கோட்டுக் கதையில் நான் இல்லை. கேட்டுக் கதையில் ஜோக் அடிக்கிற அப்பா ஒருவர் வந்தார். அவர் வந்ததும் எனக்கு எங்கோ கூசியிருக்கிறது. கூசினால் நான் சிரிக்க வைப்பேன். புளி மூட்டைக்கு நடுவில் கற்ற வித்தை அது. அவளை மேலும் கீழும் பார்த்துச் சொன்ன ஜோக்குகள், பெயரை வைத்துச் சொன்னவை, எழுத்துக்கூட்டியதற்குச் சொன்னவை எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றின் கடைசியிலும் அவள் சிரித்துக்கொண்டு நின்றாள். கவுனின் நாடா அறுந்ததற்கு நான் பட்டது வெட்கமே இல்லை.

மத்தியானம் பேச்சி வந்தாள். அம்மா வற்புறுத்தி அனுப்பியிருக்க வேண்டும். புஸ்தகத்தை எடுத்து, உண்மையாகவே மார்த்தா இருக்கிற பக்கத்தைத் தேடிப் பிடித்து, பழையபடி நிறுத்தி நிறுத்திச் சொல்ல ஆரம்பித்தாள். படகு, மழை, பக்கத்துவீட்டுப் பையன்.

"நேத்து வாசிச்ச எடத்தை வாசி" என்றேன்.

"அது முடிஞ்சிருச்சுப்பா."

"நான் சரியாக் கேக்கல."

"எல்லாரும் கேட்டாங்களே."

"எல்லாரும் கேட்டாங்க. நான் கேக்கல."

ராஜகோபாலன் சாரிடம் திரும்பி, கும்பிடுகிற மாதிரி கையை வைத்தேன். அவர் ஒன்றும் புரியாமல், ஆனாலும் காதுக் கருவியைக் கழற்றித் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பேச்சி புஸ்தகத்தை மூடினாள். அதை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். இந்தத் தடவை 'நான்' இல்லை.

"அவ கேட்டு வரைக்கும் போனா. உள்ள போகல. அவளுக்கு அந்தப் படிப்பு வேண்டாம்ப்பா. ரெண்டு வருஷமா வேண்டாம். சொல்லப் போறப்பல்லாம் அவ அப்பா யார்கிட்டயாச்சும், டாக்டரம்மா டாக்டரம்மான்னு சொல்லிட்டிருப்பாரு. மத்லப்... அதாவது, எல்லாரும் சிரிச்சிட்டிருப்பாங்க. அப்போ எப்படிச் சொல்றது?"

வாய்க்குள் மூன்று ஜோக் வந்தது. பொய் சொல்லவில்லை, மூன்று. நாணய ருசியோடு சேர்த்து விழுங்கினேன். ஜோக்கை எடுத்துவிட்டால் என்னிடம் பேச்சே இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. கடைசியில் ஒன்று கேட்டேன்.

"அன்னைக்கு அவ என்ன சாப்பிட்டா?"

"சாப்பிடல."

நம் மொழியில் இப்படி ஒரு வசதி. சாப்பிடல என்றால் நானா, அவளா, மார்த்தாவா என்று சொல்லவேண்டியதில்லை. சொல்கிறவர் அதற்குள் ஒளிந்துகொள்ளலாம். நானும் யார் என்று கேட்கவில்லை. அவளே கொஞ்சம் பொறுத்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "நீங்க ஊட்டின ஜிலேபி மட்டும்" என்றாள்.

பரீட்சையன்று அவள் வீட்டுக்கு வந்தபோது தெருமுனையில் ஜிலேபிப் பொட்டலத்தோடு நின்றவன் நான். "டாக்டரம்மா, ஆ காட்டுங்க" என்று எல்லார் முன்னாலும் அவள் வாயில் திணித்தேன். தெரு கைதட்டியது. அவள் மென்றாள்.

மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். "நான்தான் ஒங்களுக்குக் குடுக்கணும்" என்று எழுந்து டம்ளரை எடுத்தாள். அதற்கு மேல் இரண்டு பேரும் அதைப் பேசவில்லை. சாயங்காலம்வரை மார்த்தாவை வாசித்தாள். நான் ஓர் இடத்தில்கூடக் குறுக்கே பேசவில்லை.

மறுநாள் காலை ரவுண்ட்ஸ். டாக்டரம்மா பையைப் பார்த்து, சீழ் நின்றுவிட்டது, குழாயை எடுத்துவிடலாம் என்றார். எழுதிக்கொண்டே பேச்சியைப் பார்த்தார்.

"க்யா பேட்டா, ரிசல்ட் கல் ஹை நா? ஆ ரஹீ ஹோ ஹமாரே சாத்?" நாளைக்கு ரிசல்ட்டாமே, எங்களோடு சேர்ந்துவிடுவாயா என்று.

கூட வந்த சின்ன டாக்டர்கள் சிரித்த முகத்தோடு நின்றார்கள். நான் அவர்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். பேச்சியின் கையில் ஃபிளாஸ்க் இருந்தது. மூடியைத் திருகிக்கொண்டே நின்றாள். ராஜகோபாலன் சார் படம் ஆரம்பிக்கப் போகிற மாதிரி என் பக்கம் திரும்பிச் சாய்ந்துகொண்டார். எதிர்க் கட்டில்காரரும் திரும்பினார். எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போர்வை நுனியைப் பார்த்தேன். அவளுக்காக நான் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அதுவும் அவள் பேச்சைப் பிடுங்கிக்கொள்வதுதான்.

"மைனே எக்ஸாம் நஹீ தியா, மேடம்" என்றாள் பேச்சி. பரீட்சை நான் எழுதவில்லை.

ராஜகோபாலன் சார், "என்ன ஓய், ஒண்ணும் சொல்லக் காணோம்?" என்று மெதுவாக என்னைக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "அச்சா" என்றார். "ஃபிர்? அபி க்யா கர் ரஹீ ஹோ?" அப்போ இப்போது என்ன செய்கிறாய்?

பேச்சி ஃபிளாஸ்கை மேஜையில் வைத்தாள். "அபி தோ பப்பா கோ கஹானி சுனா ரஹீ ஹூன்." அப்பாவுக்குக் கதை சொல்கிறேன். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "யே பி முஷ்கில் காம் ஹை, மேடம். பேஷண்ட் பீச் பீச் மே போல்தா ஹை" என்றாள். இதுவும் கஷ்டமான வேலைதான், பேஷண்ட் நடுவில் நடுவில் பேசுகிறார்.

வார்டு வெடித்தது. டாக்டரம்மா ஃபைலால் வாயை மூடிக்கொண்டார். ராஜகோபாலன் சார் தையலைப் பிடித்துக்கொண்டார். நான் உடனே சிரிக்கவில்லை. முதலில் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிக்கலாம் என்கிற மாதிரி புருவத்தைக் கொஞ்சம் தூக்கினாள். அதற்கப்புறம் சிரித்தேன்.